கட்டிலில் கிடந்து கட்டின பாலம்

வீடு கட்டின குடும்பங்களுக்கு இது தெரியும். மேசன் வாற அண்டைக்கு மணல் வராது. மணல் வந்து இறங்கின அண்டைக்கு மேசன் வேறு ஊரில் கலியாண வீட்டில் நிற்பார். சுவர் பூசி முடிஞ்ச பிறகுதான் வயறிங் செய்யிறவர் வந்து அதே சுவரை வெட்டுவார். இதுகளை எல்லாம் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவாற வேலையை எங்கட வீடுகளில் அநேகமாக அம்மாதான் செய்வா. ஒரு கொப்பி, ஒரு போன், சீமெந்துப் பை எத்தினை வந்தது எத்தினை முடிஞ்சது என்ற கணக்கு, கொந்தராத்துக்காரரோடு ஒரு சண்டை, பிறகு அவருக்கே ஒரு தேத்தண்ணி. அந்த வேலைக்கு வீட்டில் ஒரு பெயரும் இல்லை. பெரிய கட்டுமானங்களில் இதே வேலைக்குப் பெயர் உண்டு: செயற்திட்ட முகாமையாளர்.

பெயர் ஒண்டும் அவ்வளவு பழசு இல்லை. வேலைகளை ஒன்றோடு ஒன்று தொடுத்து, எது பிந்தினால் முழுத் திட்டமும் பிந்தும் என்று கணக்குப் பார்க்கிற முறைகள் 1957, 1958 காலப்பகுதியில்தான் அமெரிக்காவில் உருவாகின. ஒன்று டியூபொன்ட் கம்பனியின் இரசாயனத் தொழிற்சாலைகளுக்காக, மற்றது கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக. அதுக்குப் பிறகுதான் இது தனித் துறையாகவும் படிப்பாகவும் வளர்ந்தது. ஆனால் கட்டடங்கள் 1957க்கு முன்னமும் எழும்பினதுதானே. அப்ப இந்த வேலையை ஆர் செய்தது, எப்படிச் செய்தது? இதைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்கிற கதைகளில் எங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது நியூயோர்க்கின் புரூக்ளின் பாலம். காரணம் எளிது. அந்தப் பாலத்தைக் கட்டின தலைமைப் பொறியியலாளர் பத்து வருசத்துக்கு மேலாக வேலைத்தளத்துக்கே போகவில்லை.

புரூக்ளினும் மன்ஹட்டனும் அப்போது இரண்டு தனி நகரங்கள். நடுவில் ஈஸ்ற் ஆறு. போக்குவரத்து முழுக்கப் படகில், குளிர்காலத்தில் ஆறு உறைஞ்சால் அதுவும் இல்லை. ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஜோன் றோப்ளிங் என்ற பொறியியலாளர், உருக்குக் கம்பிகளில் தொங்குகிற ஒரு பாலத்தை இதுக்கென்று வடிவமைத்தார். கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் மட்டும் 1,595 அடி. 1869இல் கரையில் அளவெடுத்துக்கொண்டு நின்றபோது படகொன்று வந்து மோதி அவருடைய காற்பாதம் நசுங்கியது. ஏற்பு வலி வந்து, சில கிழமைக்குள் இறந்துபோனார். பொறுப்பு அவருடைய மகன் வொஷிங்டன் றோப்ளிங்கின் தலையில் விழுந்தது. மகனுக்கு அப்போது 32 வயது. உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் இருந்தவர். தகப்பனோடு பாலம் கட்டிப் பழகினவர். அவருடைய மனைவி எமிலி, போரில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஜெனரல் வொரனின் தங்கச்சி. தகப்பன் உயிரோடு இருந்த காலத்திலேயே இவர்கள் இருவரும் ஐரோப்பாவுக்குப் போய், தண்ணீருக்கு அடியில் அத்திவாரம் போடும் முறைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த அத்திவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேணும், முகாமைத்துவத்தின் முதலாவது பெரிய முடிவு அதுக்குள்ளதான் எடுக்கப்பட்டது.

ஒரு தம்ளரைக் கவிழ்த்துத் தண்ணிக்குள் அமத்தினால் உள்ளுக்குக் காற்று நிற்கும். கேசன் என்பதும் அதுதான், ஆனால் 168 அடி நீளமும் 102 அடி அகலமும் கொண்ட மரத் தம்ளர். அதை ஆற்றின் அடியில் இருத்தி, உள்ளே அழுத்தக் காற்றை அடித்துத் தண்ணியை வெளியே தள்ளுவார்கள். ஆட்கள் அதுக்குள் இறங்கி மண்ணைத் தோண்டுவார்கள். மேலே அதே நேரம் கோபுரத்தின் கல் அடுக்கப்படும். கீழே மண் குறையக் குறைய, மேலே பாரம் கூடக் கூட, பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புரூக்ளின் பக்கம் 44 அடியில் வேலை முடிந்தது. மன்ஹட்டன் பக்கம் அப்படி லேசில் முடியவில்லை. ஆழம் கூடினால் தண்ணியை வெளியே வைத்திருக்கக் காற்றழுத்தமும் கூடவேணும். கூடின அழுத்தத்தில் இருந்து ஆட்கள் கெதியாய் மேலே வந்தால், இரத்தத்தில் கரைஞ்சிருந்த நைதரசன் சோடாப் போத்தல் திறந்த மாதிரிக் குமிழாகும். மூட்டு நோகும், கை கால் இழுக்கும், சிலருக்கு உயிரே போகும். இந்தக் காரணம் அப்போது அங்கே ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. வேலைத்தளத்துக்கு நியமிக்கப்பட்ட வைத்தியர் அன்ட்ரூ ஸ்மித் 110 நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார். 1872 வசந்த காலத்தில், ஒரு மாதத்துக்குள், மூன்று பேர் செத்தார்கள். தொழிலாளர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அடிப்பாறை இன்னும் கீழே இருந்தது. பாறையில் இருத்தினால்தான் கோபுரம் நிற்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வொஷிங்டன் அந்த இடத்து மணலையும் பரலையும் எடுத்துப் பார்த்தார். இறுகிப்போன படை, படிந்த காலத்திலிருந்து அசையாத படை என்று தீர்மானித்தார். 78 அடி 6 அங்குலத்தில் தோண்டலை நிறுத்தச் சொல்லிவிட்டார். மன்ஹட்டன் கோபுரம் இன்றைக்கும் பாறையில் இல்லை, மணலில்தான் நிற்கிறது.

இதை நாங்கள் அவருடைய மிகப் பெரிய முடிவாகப் பார்க்கிறோம். பொறியியல் பாடப்புத்தகம் ‘பாறை வரை போ’ என்று சொல்லும். பணிப்பாளர் சபை ‘செலவைக் குறை’ என்று சொல்லும். கேசனுக்குள் நிற்கிற ஐரிஷ்காரனுக்கும் ஜேர்மன்காரனுக்கும் தன்ர உயிர். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைத்து, போதும் என்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் இந்தத் தொழில். அதேநேரம் ஒரு கேள்வியும் இருக்கு. அந்தப் ‘போதும்’ முதலாவது ஆள் செத்த அண்டைக்கு வரவில்லை, மூன்றாவது ஆளுக்குப் பிறகுதான் வந்தது. மொத்தப் பாலத்துக்கும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். வொஷிங்டனைப் புகழுகிற கட்டுரைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகின்றன.

ஆனால் அவர் மேலே நின்று கட்டளை போட்டவர் இல்லை. தொழிலாளர்களோடு சேர்ந்து திரும்பத் திரும்பக் கீழே இறங்கினார். 1870 டிசம்பரில் புரூக்ளின் கேசனின் மரக்கூரைக்குள் தீப்பிடித்தபோது இரவிரவாக உள்ளே நின்று மயங்கி விழுந்தார். 1872இல் அதே நோய் அவரையும் முழுசாகப் பிடித்தது. தாங்க முடியாத வலி. கண் மங்கியது. இரண்டு பேர் சேர்ந்து கதைத்தாலே களைப்பு வந்தது. அந்த வருட முடிவோடு வேலைத்தளத்துக்குப் போறது நின்றுபோனது.

பாலத்தில் அப்போது முடிந்திருந்தது அத்திவாரமும் கோபுரங்களில் ஒரு பகுதியும் மட்டும். கேபிள், நங்கூரக் கட்டடங்கள், தளம், கரையிலிருந்து ஏறுகிற பாதைகள், எல்லாம் மிச்சம். இப்பிடி ஒரு நிலையில் நாங்கள் என்றால் ராஜினாமாக் கடிதம் எழுதுவோம். அவர் 1872-73 குளிர்காலம் முழுக்க வேறு ஒன்றை எழுதினார். மிச்ச வேலை ஒவ்வொன்றையும் எப்படிச் செய்யவேணும், எது முதல், எது பிறகு, எந்தக் கட்டத்தில் என்ன பிழை வரக்கூடும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பும் வரைபடமும். தான் பிழைப்பேனா என்ற நிச்சயம் இல்லாமல் எழுதினபடியால், தான் இல்லாத நேரத்திலும் வாசிக்கிறவனுக்கு விளங்கவேணும் என்று எழுதினார்.

இங்கேதான் எங்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. முகாமையாளர் என்றால் தலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கை நீட்டிக் காட்டுகிற ஆள் என்றுதான் விளம்பரங்களில் பார்த்திருக்கிறோம். உண்மையில் அந்த வேலையில் பெரும்பகுதி எழுத்து. ஆர் ஆருக்கு என்ன சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது, எந்த வரைபடத்தின் எந்தத் திருத்தத்தைப் பார்த்துக் கட்டினது, இதெல்லாம் தாளில் இருக்கவேணும். வாய்ப்பேச்சில் போகிற வேலை அந்த ஆள் படுத்த அண்டைக்கு நின்றுவிடும். புரூக்ளின் நிற்காததுக்கு முதலாவது காரணம் எழுத்து.

இரண்டாவது காரணம் அவருக்குக் கீழே இருந்த ஆட்கள். மார்ட்டின், கொலிங்வூட், பெயின், ஹில்டன்பிராண்ட் போன்ற உதவிப் பொறியியலாளர்களுக்கு ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. மன்ஹட்டன் கோபுரத்தைப் பார்க்கிறவர் ஒருவர், கம்பியின் தரத்தைப் பார்க்கிறவர் இன்னொருவர், வரைபடங்களைப் பார்க்கிறவர் வேறொருவர். தலைமை இயந்திரத் தொழிலாளர் பரிங்டன் 1876 ஓகஸ்ட்டில், ஊஞ்சல் மாதிரி ஒரு பலகையில் இருந்துகொண்டு, இரண்டு கோபுரங்களையும் இணைத்த முதற் கயிற்றில் ஆற்றைக் கடந்து காட்டினார். கீழே ஆயிரக்கணக்கில் சனம் நின்று பார்த்தது. ‘கயிறு தாங்கும், பயப்படாமல் ஏறுங்கோ’ என்று தொழிலாளர்களுக்கு வாயால் சொல்லாமல் செய்து காட்டின மாதிரி.

மூன்றாவது காரணம் எமிலி.

முதலில் அவர் செய்தது சொல்லச் சொல்ல எழுதுவது. கணவருக்குக் கண் தெரியாது, கடிதம் வாசிக்க ஏலாது, எழுத ஏலாது. வருகிற கடிதத்தை இவர் வாசித்துக் காட்டவேணும், பதிலை இவர் எழுதவேணும். பிறகு குறிப்புகளை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, அங்கிருந்து கேள்விகளைக் கொண்டுவருவது. நோயாளியோடு நெடுநேரம் கதைக்க ஏலாது என்றபடியால், பொறியியலாளர்கள் அவரை நேரே பார்க்கிறதைவிட எமிலியைப் பார்க்கிறதுதான் கூட.

இதைத் ‘தூது போனார்’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். கனபேர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. வேலைத்தளத்தில் ஒருவர் ‘இந்த இணைப்பில் இடைவெளி பொருந்தவில்லை, என்ன செய்யிறது’ என்று கேட்கிறார். விசயம் விளங்காத ஆள் அந்தக் கேள்வியைக் கொண்டுபோனால், படுக்கையில் கிடக்கிறவர் திருப்பி மூன்று கேள்வி கேட்பார். அதுக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்து, பிறகும் போய், ஒரு கிழமை போய்விடும். கேள்வி கேட்கப்படுகிற இடத்திலேயே அந்த மூன்று கேள்வியையும் திருப்பிக் கேட்கத் தெரிந்தால்தான் வேலை ஓடும். அதுக்குக் கணிதம் தெரியவேணும், பொருட்களின் வலிமை தெரியவேணும், தொங்குகிற கம்பி என்ன வளைவு எடுக்கும் என்று தெரியவேணும். எமிலி இதெல்லாவற்றையும் படித்தார். திறப்பு விழாக் காலத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்று இப்பிடிச் சொல்லியது: உருக்கு வேலைக்கு விலைமனுக் கொடுக்க வந்த கம்பனிக்காரர், அதுவரை எவரும் செய்யாத வடிவங்களை எப்படிச் செய்வது என்று விளங்காமல் நின்றபோது, எமிலிதான் வரைந்து விளங்கப்படுத்தி அனுப்பினாராம்.

பின்னாளில் சிலர் மற்றப் பக்கத்துக்குப் போய், பாலத்தை உண்மையில் கட்டினதே எமிலிதான் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அதிலும் முழு உடன்பாடு இல்லை. வடிவமைப்பு தகப்பனுடையது, கணக்கும் முடிவுகளும் மகனுடையவை, நோயிலும் அவருடைய மூளை தெளிவாகத்தான் இருந்தது. எமிலி செய்தது வேறு வேலை. முடிவு எடுக்கிற இடத்துக்கும் வேலை நடக்கிற இடத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தைத் தினமும் மூடினார். இண்டைக்கு அந்த வேலைக்கு ஒரு ஆளை எடுத்தால், அவருடைய மேசையில் என்ன பெயர்ப்பலகை இருக்கும்? ‘மனைவி’ என்று இருக்காது.

இனிக் கம்பிக் கதை. முகாமைத்துவம் படிக்கிற நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

பாலத்தைத் தாங்குகிறது நாலு கேபிள். ஒவ்வொன்றிலும் 19 புரிகள், ஒவ்வொரு புரியிலும் 278 உருக்குக் கம்பிகள். இந்தக் கம்பிக்கு 1876இல் விலைமனு கோரப்பட்டது. றோப்ளிங் குடும்பத்துக்கே கம்பித் தொழிற்சாலை இருந்தது. பணிப்பாளர் சபையில் இருந்த அரசியல்வாதி ஏப்ரம் ஹியூவிட் எழும்பி, பாலத்தின் பொறியியலாளருக்குப் பங்கு உள்ள கம்பனிக்குக் கொந்தராத்துக் குடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கேட்கச் சுத்தமான விதிதான். வொஷிங்டன் தன்னுடைய பங்குகளையே விற்றுவிட்டார். இருந்தும் கொந்தராத்து லொயிட் ஹேக் என்ற புரூக்ளின்காரருக்குப் போனது. ஹேக் நம்பிக்கையான ஆள் இல்லை என்று வொஷிங்டன் சபையை முன்னமே எச்சரித்திருந்தார். ஹேக்கின் தொழிற்சாலை மீது ஹியூவிட்டிடம் ஈடு இருந்தது என்பது பின்னாளில்தான் வெளியே வந்தது.

1878 ஜூலையில் குட்டு உடைந்தது. பரிசோதகர்கள் தொழிற்சாலையில் நல்ல கம்பியைச் சோதித்துச் சான்றிதழ் குடுப்பார்கள். வண்டி பாலத்துக்குப் புறப்படும். வழியில் ஒரு கட்டடத்தில் நல்ல கம்பி இறங்கும், முன்னம் நிராகரித்த கம்பி ஏறும். அதே சான்றிதழோடு கெட்ட கம்பி பாலத்துக்குப் போகும், நல்ல கம்பி தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் சோதனைக்கு நிற்கும்! பெயின் தலைமையில் ஆட்கள் வண்டியைப் பின்தொடர்ந்துதான் பிடித்தார்கள். அதுக்குள் ஏறத்தாழ 221 தொன் கெட்ட கம்பி கேபிளுக்குள் போய்விட்டது என்று கணக்கிடப்பட்டது. புரியோடு புரியாகச் சேர்ந்துபோனதைப் பிடுங்கி எடுக்க ஏலாது.

இந்த இடத்தில் படுக்கையறையிலிருந்து வந்த பதில் எங்களை அசத்தியது. வடிவமைக்கும்போதே கேபிள் தேவையைவிட ஆறு மடங்கு வலிமையாக இருக்கவேணும் என்று வைத்திருந்தார்கள். கெட்ட கம்பியோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் ஐந்து மடங்காவது இருக்கும் என்று வொஷிங்டன் எழுதினார். ஒவ்வொரு கேபிளிலும் மேலதிகமாக 150 கம்பி சேர்க்கவேணும், அதுவும் ஹேக்கின் செலவில். வேலை நிற்கத் தேவையில்லை. எந்தப் பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஏலாது, ஆனால் ஏதோ ஒன்று வரும் என்று தெரிந்து இடம் விட்டு வைக்கலாம். ஆறு என்ற இலக்கம் அந்த இடம்தான். அந்தக் கெட்ட கம்பி இப்பவும் கேபிளுக்குள்ளதான் இருக்கு, வாகனங்களும் ஓடுகின்றன. ஹேக் வேறொரு மோசடி வழக்கில் சிங் சிங் சிறைக்குப் போனார்.

சான்றிதழ் குடுக்கிற இடமும் பொருள் பாவிக்கிற இடமும் வேறுவேறாக இருந்தால் நடுவில் உள்ள தெருவில் என்ன நடக்கும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. எங்கட ஊர்களில் தார் போட்டு ஒரு மாரி தாண்டாத வீதிகளைப் பார்க்கும்போது இந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

பாலம் பிந்தியது, செலவு ஏறியது, கடைசியில் ஏறத்தாழ 15 மில்லியன் டொலர். 1882இல் புரூக்ளினின் புது மேயர் சேத் லோ, இளைஞர், ‘கண்ணால் காணாத ஒரு தலைமைப் பொறியியலாளர் எதுக்கு?’ என்ற கேள்வியைச் சபைக்குக் கொண்டுவந்தார். வொஷிங்டனை ஆலோசகராக ஒதுக்கிவிட்டு மார்ட்டினை நியமிக்கவேணும் என்பது யோசனை. நியாயமில்லாத கேள்வி என்று சொல்ல ஏலாது, மக்களின் காசு. செப்டெம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 10க்கு 7 என்ற கணக்கில் வொஷிங்டன் தப்பினார். இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் கதையே வேறு.

1883 மே 24 திறப்பு விழா. ஜனாதிபதி செஸ்டர் ஆதர் பாலத்தின் மேல் நடந்து வந்தார். வொஷிங்டன் வீட்டு யன்னலால் பார்த்தார். அதுக்குச் சில நாட்களுக்கு முன்னமே எமிலி, மடியில் ஒரு சேவலை வைத்துக்கொண்டு, குதிரை வண்டியில் பாலத்தைக் கடந்திருந்தார். வெற்றிக்கு அடையாளமாம் சேவல். விழாவில் எமிலியைப் புகழ்ந்து பேசினவர் ஆர் தெரியுமோ? அதே ஹியூவிட். பெண்களுக்கு உயர்கல்வியின் கதவு மூடியிருந்த காலத்தில் இந்தப் பாலம் ஒரு பெண்ணின் ஆற்றலுக்கும் நினைவுச்சின்னமாக நிற்கும் என்ற பொருளில் பேசினார். பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் பாலத்தின் சம்பளப் பட்டியலில் எமிலிக்கு ஒரு பதவி எந்தக் காலத்திலும் இருக்கவில்லை.

1951இல் புரூக்ளின் பொறியியலாளர் கழகம் பாலத்தில் எமிலி பெயரையும் சேர்த்து ஒரு பலகை பதித்தது. அவர் செய்ததை அந்தப் பலகை ஒரு பெண்ணின் அர்ப்பணிப்பு, தியாகம் என்ற வகையில்தான் சொல்கிறது. கடிதக் கோவை, விலைமனுப் பேச்சு, வரைபட விளக்கம், தினசரி வேலைத்தளப் பயணம், இவை ஒன்றும் அதில் இல்லை.

பாலம் முடிந்த பிறகு எமிலி சும்மா இருக்கவில்லை. 1899இல், 55 வயதில், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கென நடந்த சட்ட வகுப்பை முடித்துச் சான்றிதழ் எடுத்தார். அங்கே அவர் எழுதின கட்டுரைக்குப் பரிசும் கிடைத்தது. கட்டுரையின் விசயம்: சட்டத்தின் கண்ணில் ஒரு மனைவிக்கு இல்லாத உரிமைகள்.